பனிமான் வண்டியில் ஏறலாமா, அது பாவமா?

நீங்கள் கேட்டது இது: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு பின்லாந்தின் ரோவனியெமிக்குப் போகிறீர்கள். ஆறு வயது மகளுக்குப் பனிமான், அதாவது ரெயின்டீர், வளர்க்கும் பண்ணையைப் பார்த்து, மான் இழுக்கும் சறுக்கு வண்டியில் ஏற ஆசை. மாமியாரோ, "வாயில்லா ஜீவனை அந்தக் குளிரில் இழுக்க வைக்கிற பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம், நான் வரவில்லை" என்கிறார். கொடுக்கிற காசுக்கு அது தகுமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். காசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கேள்விக்குள் உண்மையில் இருப்பது மாமியாரின் கேள்விதான்: அந்த மிருகத்துக்கு வலிக்குமா? அதற்குத்தான் ஒழுங்கான பதில் தேவை.

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். ஊரில் சில வருடங்கள் வண்டி மாடுகளையும் கறவை மாடுகளையும் பார்த்தேன், அப்புறம் வேலை என்னை வடக்கு பின்லாந்துக்குக் கொண்டு வந்தது. இங்கே பத்துக்கும் மேற்பட்ட குளிர்காலங்கள் ஆகிவிட்டன. பனிமான் மட்டுமே பார்க்கிற மருத்துவன் இல்லை நான். எனக்குத் தெரிந்ததில் பாதி இங்குள்ள மான்காரர்கள் பக்கத்தில் நின்று கற்றது. அதனால் எது உறுதியானது, எது என் கணிப்பு என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. பனிமானுக்குக் குளிர் ஒரு துன்பமே இல்லை. மாமியாரின் மனதில் இருப்பது நம் ஊர் மாடு பனியில் நடுங்கி நிற்கிற படம். அது நியாயமான படம்தான், ஆனால் இந்த மிருகத்துக்குப் பொருந்தாது. இதன் ரோமம் ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்று அடைபட்ட நுண்ணிய அறைகள் இருக்கின்றன. அதற்கு அடியில் கம்பளி போல இன்னொரு அடுக்கு. பனி பெய்கிற நேரத்தில் ஒரு மானின் முதுகைப் பாருங்கள். விழுந்த பனி உருகாமல் அப்படியே வெள்ளையாகக் கிடக்கும். உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிடக் கண்கூடான சாட்சி இல்லை. மூக்குக்குள் சுருள் சுருளான மெல்லிய எலும்புகள் உண்டு. உள்ளே போகும் காற்று நுரையீரலைத் தொடும் முன் அங்கே சூடாகிவிடும், வெளியே வரும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் அதே இடம் திரும்பப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூக்கு நுனிகூட மாட்டுக்கு இருப்பதுபோல் ஈரமாக, வெறுந்தோலாக இருக்காது. உதடு வரைக்கும் ரோமம்தான். மைனஸ் 30 டிகிரியிலும் மான்கள் பனிமேலேயே படுத்து நிதானமாக அசைபோடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இந்த மிருகத்துக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அது சூடு. இவ்வளவு கனத்த போர்வைக்குள் தசை வேலை செய்தால் உடம்பு சீக்கிரம் கொதித்துவிடும். பனிமானுக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டாது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, நாய் மாதிரி இளைத்துத்தான் சூட்டைக் கழிக்கும். ஆகவே மைனஸ் 20-இல் வண்டி இழுப்பதைவிட, பனி உருகிச் சொதசொதவென்று கிடக்கும் பூஜ்ஜியம் டிகிரி நாளில் இழுப்பதுதான் அதற்குக் கஷ்டம். "அந்தக் குளிரில்" என்று உங்கள் மாமியார் சொன்னதை மட்டும் நான் திருத்துவேன். "இழுக்க வைக்கிற" என்று சொன்னாரே, அதைத் தள்ளிவிடமாட்டேன்.

வண்டி இழுப்பது இங்கே சுற்றுலாவுக்காக நேற்று முளைத்த வேலை இல்லை. 1960-களில் பனி மோட்டார் வண்டிகள் வரும்வரை குளிர்காலத்தில் விறகு, மீன், கடிதம், கல்யாணக் கூட்டம் எல்லாமே மான் இழுத்துத்தான் போயின. அடிப்பாகம் படகு மாதிரி இருக்கும் சின்ன வண்டிக்கு அஹ்கியோ என்று பெயர். நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் ரெகி, அதாவது இரண்டு சறுக்குக் கட்டைகள் வைத்த வண்டி. இழுப்பது காயடித்த ஆண் மான். எந்த மானையும் பிடித்துக் கட்டிவிட முடியாது. மந்தையில் பதற்றமில்லாத குணம் உள்ளதாகத் தேர்ந்தெடுத்து, முதலில் கயிற்றில் நிற்கப் பழக்கி, அப்புறம் கூடவே நடக்கவிட்டு, பிறகு வெறும் வண்டி, அதற்குப் பிறகுதான் பாரம். இதற்குச் சில குளிர்காலங்கள் ஆகும். நம் ஊரில் கன்றை வண்டிக்குப் பழக்கும் பொறுமை எப்படியோ, அதேதான். அப்படிப் பழகிய ஒரு மான் மான்காரருக்குச் சொத்து மாதிரி. பத்து வயது தாண்டியும் வேலை செய்பவை உண்டு. அதை வதைத்துக் கெடுத்துக்கொள்வதில் அவருக்கே நஷ்டம். ஆனால் நஷ்டம் என்று தெரிந்தும் மாட்டை வதைத்தவர்களை ஊரில் பார்த்திருக்கிறேன், அதனால் இந்த ஒரு காரணத்தை வைத்து எல்லோரையும் நல்லவர்கள் என்று சொல்லிவிட மாட்டேன்.

பழைய மான்காரர்களிடம் ஒரு தூரக் கணக்கு இருந்தது. பொரோன்குசெமா என்பார்கள். மான் ஒருமுறை சிறுநீர் கழித்து, அடுத்து கழிப்பதற்குள் போகக்கூடிய தூரம் என்று பொருள். ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர். ஓடிக்கொண்டே அதனால் சிறுநீர் கழிக்க முடியாது, நிறுத்தித்தான் ஆகவேண்டும், நிறுத்தாமல் விரட்டினால் உடம்பு கெடும். மிருகத்தின் உடம்பு என்ன கேட்கிறதோ அதையே அளவுகோலாக வைத்துப் பயணம் போன மக்கள் இவர்கள். எனக்கு இந்தச் சொல்மேல் பெரிய மரியாதை உண்டு.

உங்களுக்குச் சொல்லப்படும் சவாரிகள் அந்தத் தூரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஐந்நூறு மீட்டர், ஒரு கிலோமீட்டர், மிஞ்சினால் மூன்று கிலோமீட்டர். ஒன்றன்பின் ஒன்றாக மான்களைக் கட்டி, முன்னால் ஒருவர் நடக்க, மனிதன் நடக்கிற வேகத்தில் போவார்கள். இந்த வரிசைக்கு ரைட்டோ என்று பெயர். இறுகிய பனியில் சறுக்குக் கட்டைக்கு உராய்வு மிகக் குறைவு. கிளம்பும் அந்த முதல் இழுப்புதான் பாரம், அப்புறம் வண்டி தானே வழுக்கும். இரண்டு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு நல்ல பாதையில் ஒரு கிலோமீட்டர் நடப்பது ஆரோக்கியமான மானுக்கு வலி தருகிற வேலை இல்லை. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

தயக்கம் எங்கே என்றால், எண்ணிக்கையில். ஒரு சுற்று வலிக்காது. கிறிஸ்துமஸ் வாரத்தில், கூட்டம் அலைமோதுகிற இடத்தில், காலையிலிருந்து மாலைவரை அதே மான் அதே ஐந்நூறு மீட்டரை எத்தனை முறை சுற்றுகிறது, நடுவில் எவ்வளவு நேரம் அவிழ்த்துவிடுகிறார்கள், மறுநாள் ஓய்வு உண்டா? பண்ணைக்குப் பண்ணை இது மாறும், இங்கே உட்கார்ந்துகொண்டு நீங்கள் போகும் இடத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. அந்நியர்கள் நாள் முழுக்க வந்து தொடுவதை மான் பழகிப் பொறுத்துக்கொள்கிறதா, உள்ளே பதறியபடி சும்மா நிற்கிறதா என்பதும் முகத்தைப் பார்த்து எளிதில் சொல்லிவிடக் கூடியது இல்லை. வேட்டையாடப்படும் இனம் இது, பயத்தை வெளியே காட்டாமல் நிற்பதே அதன் இயல்பு. என் கணிப்பைக் கேட்டால், கூட்டமான இடத்தில் வரிசையில் நின்று ஏறும் குட்டிச் சவாரியைத் தவிர்த்துவிட்டு, ஊரைவிட்டு அரை மணி, முக்கால் மணி தள்ளி இருக்கும், சொந்தமாக மந்தை வைத்திருக்கும் குடும்பத்தின் பண்ணைக்குப் போங்கள். முன்பதிவு செய்யும்போதே "ஒரு மான் ஒரு நாளில் எத்தனை முறை இழுக்கும்?" என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாக, விளக்கமாகப் பதில் சொல்வார்கள்.

போன பிறகு உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு. இதை மாமியாரிடமே ஒப்படையுங்கள். வீட்டில் மாடு வைத்திருந்தவர் என்றால் என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார். காத்திருக்கும் மான்கள் படுத்து அசைபோடுகின்றனவா? அசைபோடும் மிருகம் நிம்மதியாக இருக்கிறது என்பது மாட்டுக்கும் இதற்கும் பொது. சவாரி முடித்து வரும் மான் வாயைத் திறந்து இளைக்கிறதா? இளைத்தால், அதை அவிழ்த்து நிற்கவிடுகிறார்களா, உடனே அடுத்த ஆட்களை ஏற்றுகிறார்களா? கழுத்திலும் தோளிலும் வார் படும் இடத்தில் ரோமம் தேய்ந்து தோல் தெரிகிறதா? நடையில் நொண்டல் உண்டா? பாதையில் பனி போதுமான அளவு இருக்கிறதா, வண்டி மண்ணிலும் கட்டிப்பனியிலும் உரசுகிறதா? ஒரு மானைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார்களா? மந்தையைப் பிரிந்து ஒற்றையாக நிற்பது பனிமானுக்குப் பயம். நடுநடுவே அது குனிந்து பனியைத் தின்றால் பதற வேண்டாம், குளிர்காலத்தில் அதுதான் அதற்குத் தண்ணீர்.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தோடு ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வரிசையில் மூன்றாவதாக நின்ற மானின் தோளில், வாருக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ரோமமே இல்லை. தோல் சிவந்து ஈரமாக இருந்தது. நுகத்தடி பட்டுப் புண்ணான காளைக் கழுத்தை எத்தனையோ பார்த்த கைக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் நின்ற இளைஞரிடம் சொன்னேன். அவர் பருவ வேலைக்கு வந்தவர், விழித்தார். உள்ளே போய்ப் பெரியவரை அழைத்து வந்தார். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அந்த மானை அவிழ்த்துக் கொட்டடிக்குக் கூட்டிப் போனார். எங்களில் பாதிப் பேர் நடந்தே வந்தோம். புண் வந்தது தவறுதான், அதை மறைக்காமல் அவிழ்த்தது சரி. நீங்களும் எதையாவது பார்த்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், இந்த நாட்டில் அதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

கொம்பு பற்றி உங்கள் மகள் கட்டாயம் கேட்பாள். பனிமானில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, மான் குடும்பத்திலேயே இது மட்டும்தான் அப்படி. காயடிக்காத பெரிய ஆண்கள் இனச்சேர்க்கைக் காலம் முடிந்து நவம்பர், டிசம்பரிலேயே கொம்பை உதிர்த்துவிடும். பெண்கள் மே மாதம் கன்று ஈனும் சமயம்வரை வைத்திருக்கும். பனியைத் தோண்டி எடுத்த தீனிக் குழியை மற்றவை பிடுங்காமல் காத்துக்கொள்ள, சினையாக இருப்பவளுக்கு அது வேண்டும். காயடித்த வண்டி மான்களும் பெரிய ஆண்களைவிடத் தாமதமாகவே உதிர்க்கும். அதனால் நீங்கள் போகும்போது சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு ஒன்று, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கும். யாரும் ஒடித்துவிடவில்லை. கொம்பைப் பிடிக்க மட்டும் விடாதீர்கள். அதைப் பிடிப்பது சண்டைக்கு அழைப்பது மாதிரி.

பண்ணையில் கையில் கொஞ்சம் சாம்பல் வெள்ளையாக, மொரமொரவென்று ஒன்றைத் தருவார்கள், மானுக்கு ஊட்டச் சொல்லி. பாசி என்று சொன்னாலும் அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் ஒன்றாகச் சேர்ந்து வளரும் ஒரு உயிர். செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற கல்பாசியும் லைக்கன்தான், மாமியாரிடம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் அது வளரும். நீங்கள் பிடித்திருக்கும் அந்தக் கைப்பிடி வளரப் பல வருடங்கள் ஆகியிருக்கும், கீழே கொட்டாமல் கொடுங்கள். மாட்டைப் போலவே பனிமானுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. குழந்தையின் விரலைக் கடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், விரித்த உள்ளங்கையில் வைத்தால் போதும். குளிர்காலக் காட்டில் மான் இதைப் பனிக்கு அடியிலிருந்து முகர்ந்து கண்டுபிடித்து, முன்னங்காலால் தோண்டித் தின்னும். இப்போது குளிர்காலத்தின் நடுவில் மழை பெய்து, அது உறைந்து பனிமேல் கண்ணாடி ஓடு போட்டுவிடுகிற வருடங்கள் வருகின்றன. அடியில் தீனி இருந்தும் மானால் எட்ட முடியாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013-14 குளிர்காலத்தில் இப்படித்தான் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. வண்டி இழுப்பதைவிட எனக்கு இந்த மிருகத்தைப் பற்றிப் பெருங்கவலை இதுதான். பின்லாந்தில் மான்காரர்கள் வைக்கோலும் தீவனமும் போட்டுச் சமாளிக்கிறார்கள், அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பணத்தில் ஒரு பங்கு உங்களைப் போல வருகிறவர்களிடமிருந்து வருகிறது. நீங்கள் கேட்ட காசு விஷயத்துக்கு என் பதில் இதில் பாதி இருக்கிறது.

மீதிப் பாதி: சவாரிக்காக மட்டும் என்றால் தகாது. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், வேகமும் இருக்காது. தீ மூட்டிய கூடாரத்தில் உட்கார்ந்து பேசுவது, ஊட்டுவது, மந்தையைப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் கிடைக்கிற பண்ணைக்குக் கொடுங்கள். சவாரியில் எனக்கு இன்றும் பிடித்தது ஒரு சத்தம். எல்லோரும் பேசாமல் இருந்தால், பனியில் நடக்கும் மானின் காலிலிருந்து டிக், டிக் என்று கேட்கும். பாதத்தில் ஒரு தசைநாண் எலும்பின்மேல் வழுக்கி விழும் சத்தம் அது, நோவு எதுவும் இல்லை. இருட்டிலும் பனிப்புயலிலும் மந்தை ஒன்றையொன்று தவறவிடாமல் இருக்க அது உதவும் என்பார்கள். கேட்பதற்கு நம்பும்படி இருக்கிறது, நிரூபணமான உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மானின் கண்ணைப் பற்றி ஒன்று சொல்கிறேன், அது நிரூபணமானது: விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்கால இருட்டில் நீலமாகவும் மாறுகிறது என்று 2013-இல் கண்டறிந்தார்கள். அந்த இருட்டுக்கென்றே பழகிய கண்ணில் ஃபிளாஷ் அடிக்காமல் படம் எடுங்கள்.

மாமியாரிடம் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. இவை அடிப்படையில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மந்தைகள். பின்லாந்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் மான்கள், எல்லாவற்றுக்கும் காதில் வெட்டிய அடையாளமும் உரிமையாளரும் உண்டு. வண்டி இழுப்பவை அதில் சிறு துளி. வண்டியில் நீங்கள் உட்காரும் மெத்தென்ற விரிப்பு மான்தோல். மதியச் சாப்பாட்டில் மான்கறியும் உருளைக்கிழங்கு மசியலும் வரும், சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதைத் தெரிந்துகொண்டு அவர் வர மறுத்தால், அது அவருடைய முடிவு, வற்புறுத்த வேண்டாம். தெரியாமல் கூட்டிப்போய் அங்கே அவர் மனம் நோகக்கூடாது.

பனிமான் வளர்ப்புக்குப் பேர்போன வட ஐரோப்பியப் பழங்குடிகள் சாமி (Sámi) மக்கள். ரோவனியெமி அவர்களுடைய தாயகப் பகுதிக்குள் வராது. அந்தத் தாயகம் இன்னும் வடக்கே, எனோந்தெகியோ, இனாரி, உட்ஸ்யோகி, சோதன்குலாவின் வடபகுதி. பின்லாந்தில் சாமி அல்லாத பின்னியர்களும் மான் வளர்ப்பவர்கள்தான், ஆகவே எல்லா மான்காரரும் சாமி என்று நினைத்து அவர்களுடைய உடையை எதிர்பார்க்காதீர்கள். யாரிடமும் "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்காதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதும் அதுவும் ஒன்று.

இனி குளிர். பயப்பட வேண்டியது உங்கள் மூவருக்கும்தான். வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் நடக்கும்போது தெரியாத குளிர் அங்கே ஏறும். டிசம்பர் கடைசியில் சூரியன் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தலைகாட்டும். காலை பதினொன்றிலிருந்து ஒன்றரைக்குள் நேரம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். உடம்பை ஒட்டிக் கம்பளி உள்ளாடை போடுங்கள். பருத்தி வியர்வையை வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும், அதனால் பருத்தி பனியன் வேண்டாம். வெளியே போடும் தடித்த உடுப்பைப் பல பண்ணைகள் இரவல் தரும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு சாக்ஸ் திணிப்பதைவிட, ஒரு அளவு பெரிய காலணிக்குள் ஒரு கம்பளிச் சாக்ஸ் நல்லது. மாமியாரின் மூக்குத்தியும் கம்மலும் மைனஸ் 20-க்குக் கீழே சில்லென்று பிடிக்கும். கழற்ற மனமில்லை என்றால் மஃப்ளரால் மூக்குவரை மூடிவிடுங்கள். மகளின் கன்னத்தையும் மூக்கையும் அடிக்கடி பாருங்கள். நம் நிறத்தில் பனிக்கடி பளிச்சென்று வெள்ளையாகத் தெரியாது, மெழுகு பூசினதுபோல் சாம்பல் பூக்கும், தொட்டால் மரத்திருக்கும். அப்படி இருந்தால் தேய்க்காமல் வெறுங்கையை அதன்மேல் வைத்துச் சூடாக்கி, உடனே உள்ளே கூட்டிப்போங்கள்.

மாமியாருக்கு முட்டிவலி இருந்தால் சவாரியில் குலுக்கல் பிரச்சினை ஆகாது. வண்டி தரையோடு தரையாக இருப்பதால் உட்காருவதும் எழுவதும்தான் பாடு. கை கொடுக்க இருபுறமும் ஆள் நிற்கட்டும். வண்டியைவிட வழுக்கும் வாசல்தான் ஆபத்து, காலணிக்கு அடியில் மாட்டும் முள் பட்டையை ஊரில் எந்தப் பெரிய கடையிலும் வாங்கலாம்.

அவர் சவாரி வேண்டாம் என்றே சொன்னாலும் பண்ணைக்கு வரச் சொல்லுங்கள். நீங்களும் மகளும் சுற்றி வரும் கால் மணி நேரத்தில் அவர் வேலிப்பக்கம் நிற்கட்டும். ஒரு கையுறையைக் கழற்றி, அந்தக் கைப்பிடி லைக்கனை நீட்டச் சொல்லுங்கள். மான் முதலில் மூச்சு விட்டுப் பார்க்கும், அப்புறம் ரோமம் மூடிய அந்த உலர்ந்த உதடு உள்ளங்கையில் பட்டுப் பட்டு ஒவ்வொரு துணுக்காக எடுக்கும்.